கடைக்காரர் விற்காத பயணச் சாமான்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மழைக்காதலன்:

பயணம் என்றதும் சாமான் வாங்கக் கடைக்குப் போய்விடுகிறோம். மூன்றாக மடியும் குடை, நான்காகச் சுருங்கும் தடி, பத்து ஜிப் வைத்த பை. ஆனால் நான் பார்த்து வியந்த பயணச் சாமான்கள் எதுவும் கடையில் தொங்கியதில்லை. அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் தாங்களே செய்துகொண்டவை அவை. அப்படி எதையாவது பார்த்தவர்கள், பார்த்த ஊரையும் சேர்த்து எழுதுங்கள். என் பங்கு முதலில்.

ஊர் மேகாலயாவின் சோரா. பள்ளிக்கூடத்தில் சிரபுஞ்சி என்று படித்தோமே, அதுதான். 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்த இடம். ஓராண்டு மழையில் உலகச் சாதனை இன்றும் அதுவே. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 1,400. ஜூலையில் அங்கே மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் காற்றோடு பக்கவாட்டிலும் அடிக்கிறது. என் குடை சாலையின் முதல் வளைவிலேயே மல்லாந்து கம்பி நீட்டியது.

அதே மழையில் அங்குள்ள காசி (Khasi) பழங்குடிப் பெண்கள் சிலர் நிதானமாகக் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்டிருந்தது ‘க்னுப்’. தலையில் தொடங்கி இடுப்புக்குக் கீழ்வரை முதுகை மூடுகிற ஆமையோடு போன்ற பொருள். மூங்கில் பிளாச்சுகளால் இரண்டு அடுக்காகப் பின்னி, நடுவே அகன்ற இலைகளைச் செருகியிருக்கிறார்கள். பிடிக்கக் காம்பு கிடையாது, ஆகவே இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கின்றன. உடம்போடு ஒட்டி இருப்பதால் காற்றுக்குப் பிடி கொடுப்பதில்லை. குனிந்தால் தண்ணீர் முதுகுப் பக்கமாக வழிந்து போகிறது. குடை என்பது நிமிர்ந்து நடப்பவர்களுக்கானது. குனிந்து நாற்று நடுபவர்களுக்கு யாராவது ஒன்றைச் செய்யத்தானே வேண்டும்? அவர்களே செய்துகொண்டார்கள்.

அங்கே போனால் டிர்னா கிராமத்திலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, நோங்ரியாட்டின் இரட்டை அடுக்கு வேர்ப் பாலத்தைப் பாருங்கள். இந்திய ரப்பர் மரத்தின் விழுதுகளை, குடைந்த பாக்கு மரத் தண்டுகளுக்குள் விட்டு ஓடையின் மறுகரைக்கு ஓட்டுவார்கள். ஆள் நடக்கும் அளவுக்கு உறுதிப்பட ஒரு தலைமுறைக் காலம் பிடிக்கும். மூங்கில் பாலம் அந்த மழையில் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். இது ஆண்டாக ஆக இறுகுகிறது. இறங்குவது சுகம். ஏறும்போது முழங்கால் கணக்குக் கேட்கும்.

ஏழாவது மலை:

முழங்கால் என்றதும் எழுத வந்துவிட்டேன். என் ஓட்டு வெள்ளியங்கிரியின் மூங்கில் தடிக்கு.

கோவைக்கு மேற்கே பூண்டி கோயில் அடிவாரத்தில் ஆளுயரத் தடிகளைக் கட்டுக்கட்டாகச் சாத்தி வைத்திருப்பார்கள். வாங்காமல் ஏறுகிறவர்கள் குறைவு. நான் முதல்முறை போனபோது, நண்பர் ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிய உலோகத் தடியோடு வந்திருந்தார். ஏற்றத்துக்கு ஓர் உயரம், இறக்கத்துக்கு ஓர் உயரம் என்று நின்று நின்று திருகிக்கொண்டே வந்தார். மூங்கிலில் அந்த வேலையே இல்லை. ஏறும்போது கீழ்க்கணுவுக்கு மேலே பிடி, இறங்கும்போது மேல்கணுவுக்கு மேலே பிடி. கை வியர்த்து நழுவினாலும் கணுவில் வந்து நின்றுவிடும். ஐந்தாறு கணு இருந்தால் ஐந்தாறு உயரம் இருக்கிறது என்று பொருள்.

இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். செங்குத்தான மண் சரிவில் தடியை ஒரு பக்கமாக ஊன்றி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்துப் பக்கவாட்டில் இறங்குவார்கள். பழக்கப்பட்ட பெரியவர்கள் அப்படி இறங்கும் வேகத்தைப் பார்த்தால் நமக்குப் பொறாமையாக இருக்கும். இரவில் ஏறினால் முன்னால் போகிறவர்களின் தடி கல்லில் தட்டும் ஓசையை வைத்தே படி எங்கே திரும்புகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

மொத்தம் ஏழு மலை ஏற வேண்டும். வழியில் வழுக்குப் பாறை, கைதட்டிச் சுனை என்று பெயர் பெற்ற இடங்கள் உண்டு. ஆறாவது மலையின் ஆண்டி சுனையில் குளிக்கிறேன் என்று சவால் விடாதீர்கள்; கோடையிலும் எலும்பு வரை குளிரும். கோடையை ஒட்டிய சில மாதங்கள் மட்டுமே ஏற விடுகிறார்கள். வனத்துறையினர் பையைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

புதியவன்:

அண்ணா, அவ்வளவு நீளத் தடியோடு பஸ்ஸில் ஏற விடுகிறார்களா?

ஏழாவது மலை:

விடுகிறார்கள் தம்பி. ஆனால் எதற்கு? அடிவாரத்தில் ஏறக் காத்திருப்பவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வா. என் முதல் தடியும் அப்படி ஒருவர் கொடுத்ததுதான்.

கானல்நீர்:

ஜெய்சல்மேரில் நான் பார்த்தது ‘சாகல்’. தடித்த கான்வாஸ் துணியில் தைத்த தண்ணீர்ப் பை. ஜீப்பின் முன்பக்கம் கட்டித் தொங்கவிட்டிருந்தார் எங்கள் ஓட்டுநர். துணிப் பையில் தண்ணீரா, ஒழுகாதா என்று கேட்டேன். சிரித்தார். புதுப் பையை முதலில் நன்றாக ஊறப்போட வேண்டுமாம். நூல் உப்பி, நெசவின் இடுக்குகள் அடைபட்டு, சொட்டு நின்று கசிவு மட்டும் மிஞ்சும். அந்தக் கசிவுதான் சூட்சுமம். வெளிப்பக்கம் கசிந்த ஈரம் வறண்ட காற்றில் ஆவியாகிறது, ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் மண்பானை செய்கிற வேலைதான். வண்டி ஓட ஓடக் காற்று கூடுதலாகப் படுவதால் இன்னும் நன்றாகக் குளிர்கிறது, கீழே விழுந்தாலும் உடையாது. மதியம் இரண்டு மணிக்கு என் பாட்டிலில் இருந்தது வெந்நீர். அவர் பையிலிருந்து ஊற்றியதைக் குடித்த பிறகு பாட்டிலைத் தொடவே மனம் வரவில்லை.

ஆர்வத்தில் வாங்கி வந்து சென்னையில் மாட்டிவிடாதீர்கள். புழுக்கத்தில் ஈரம் அவ்வளவாக ஆவியாகாது. பை நனைந்து தொங்கும், அவ்வளவுதான்.

அங்கே போகிறவர்களுக்கு ஒன்று. 1156-இல் எழுப்பிய ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன, அதை எல்லாரும் பார்க்கிறார்கள். பக்கத்தில் குல்தாரா என்ற கைவிடப்பட்ட கிராமத்துக்குப் பேய்க் கதை கேட்கவே கூட்டம் வருகிறது. பேயை விடுங்கள். அங்கே வாழ்ந்த பாலிவால் மக்கள், தாழ்வான நிலத்தின் குறுக்கே நீண்ட கரை போட்டு மழைநீரைத் தேக்கி, அந்த ஈரத்திலேயே பாலைவனத்தில் கோதுமை விளைவித்தார்கள். ‘கடீன்’ என்று பெயர். அதைப் பார்க்காமல் திரும்புவது நஷ்டம்.

தால் ஏரிப் பயணி:

எதிர்த் திசையிலிருந்து ஒன்று. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் காஷ்மீரில் கடுங்குளிர்க் காலம், ‘சில்லை கலான்’ என்பார்கள். அந்த நாட்களில் விடியுமுன் தால் ஏரியின் மிதக்கும் காய்கறிச் சந்தைக்குப் போனேன். நான் அடுக்கடுக்காகப் போட்டும் நடுங்கினேன். படகுக்காரர் தொளதொளத்த ‘ஃபெரன்’ அங்கிக்குள் வயிறு மட்டும் புடைத்திருக்க, சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். உள்ளே காங்கிரி. சிறிய மண் சட்டி, அதைச் சுற்றிப் பிரம்புபோல் பின்னிய கூடை, சட்டியில் கரித் தணல். கிளறிவிட ஒரு குட்டிக் கரண்டியும் கூடையிலேயே தொங்குகிறது. கையில் வாங்கிய ஐந்தாவது நிமிடத்தில் எனக்கு விரல்கள் மடங்கின.

ஆனால் இதில் என் கட்சி கொஞ்சம் வேறு. ஊர்க்காரர் பொருள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. பல ஆண்டுகள் தோலை ஒட்டி வைத்திருப்பவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மூடிய அறையிலோ காருக்குள்ளோ தணல் வைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே முடித்துவிடும். திறந்த படகில் சரி. படுக்கைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கூஜா அம்மா:

பிள்ளைகளா, ராமேஸ்வரம் ரயிலில் எங்கள் மாமியார் கொண்டுவந்த பித்தளைக் கூஜாவை யாரும் சொல்லவில்லையே! திருகு மூடி, தூக்கக் கைப்பிடி, உள்ளே ஈயப் பூச்சு. அடிப்பாகம் அகலம் என்பதால் பாம்பன் பாலத்துக் காற்றில் பெட்டி ஆடினாலும் சாயாது. என் பேரன் வைத்திருக்கும் ஒடிசலான பாட்டில், ரயில் கிளம்பினாலே பெஞ்சுக்கு அடியில் உருண்டு போகிறது.

புதியவன்:

கூஜா அம்மாவுக்கு என் ஓட்டு. மழைக்காதலன் அண்ணா, சோராவுக்கு ஜூலையிலேயே போகலாமா, குளிர்காலத்துக்குத் தள்ளிப்போடட்டுமா?

மழைக்காதலன்:

மழையைப் பார்க்க ஜூலை. தெளிந்த வானமும், மலைவிளிம்பிலிருந்து கீழே விரியும் வங்கதேசச் சமவெளியும் வேண்டுமென்றால் நவம்பருக்குப் பிறகு. வேர்ப் பாலத்துப் படிகளும் அப்போது வழுக்காது. ஷில்லாங்கின் படா பஜாரிலிருந்து பகிர்வு சுமோக்கள் கிளம்பும், ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள். காலையிலேயே போய் இடம் பிடித்துவிடு, திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்.