டீச்சருக்காக ஒரு பியானோ கச்சேரி

சாட்ஸ்வொர்த் உறுப்பினர்:

குருவைப் பாராட்டும் கூட்டம் என்றாலே எனக்குப் பொன்னாடையும் முடியாத பேச்சும்தான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த இந்தப் பியானோ கச்சேரிக்கும் அந்தப் பயத்தோடுதான் போனேன். நல்லவேளை, யாரும் பேசவில்லை. வாசித்தவர் எங்கள் பகுதியில் வளர்ந்த பெண். அவருடைய டீச்சர் பட்டுச்சேலை உடுத்தி, பரீட்சை வைக்க வந்தவர்போல முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களுக்கு அர்ப்பணித்த இசை மட்டும்தான் அன்றைய நிகழ்ச்சி. முதலில் பீத்தோவன். 1796இல் தன் ஆசிரியர் ஹைடனுக்கு அர்ப்பணித்து வெளியிட்ட மூன்று சொனாட்டாக்களில், அதாவது பல பகுதிகள் கொண்ட பியானோ படைப்புகளில், முதலாவது. குறும்பே இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. அச்சிட்ட இசைப்பிரதியின் முகப்பில் 'ஹைடனின் மாணவன்' என்று போட்டுக்கொள்ள பீத்தோவன் மறுத்துவிட்டாராம்; அவரிடம் தான் எதையும் கற்கவில்லை என்றாராம். பீத்தோவனின் மாணவர் ரீஸ் எழுதிவைத்த செய்தி இது. ஆனாலும் அர்ப்பணிப்பு ஹைடனுக்குத்தான். நம் கலைஞரும் டீச்சரும் பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். முதல் சில சுரங்கள் மேலேறியதுமே டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் பாராட்டுரையும் இதைச் செய்திருக்காது.

அடுத்து, ராவெல் 1901இல் தன் ஆசிரியர் ஃபோரேவுக்கு அர்ப்பணித்த 'நீர் விளையாட்டு' என்ற படைப்பு. அழகுதான். ஆனால் என் மனம் பீத்தோவனைவிட்டு நகரவில்லை. கடைசியில் லிஸ்ட் தன் குரு செர்னிக்கு 1852இல் அர்ப்பணித்த பயிற்சிகளில் ஒன்று. செர்னியோ பீத்தோவனின் சீடர். ஹைடன், பீத்தோவன், செர்னி, லிஸ்ட் என்று ஒரு குருபரம்பரையே மேடையில் வந்து போனது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் உறுப்பினர்:

நானும் வந்திருந்தேன். சொனாட்டாவின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டியவர்களை, முழுதும் முடியும்வரை தட்டக்கூடாது என்பதுபோல ஒருவர் முறைத்தார். எனக்கு அவர்மீதுதான் எரிச்சல். பொது இடங்களை இனவாரியாகப் பிரித்துவைத்து 1953இல் வந்த தனி வசதிச் சட்டத்தை நீக்க 1990 ஆனது. வெள்ளையருக்கென்று ஒதுக்கிய அரங்குகளுக்குள் நம்மவர் நுழைய முடியாத காலத்தில் அந்த டீச்சர் இசைத்தட்டு கேட்டே பாதி கற்றவர். அவருக்காக வந்த கூட்டம் நினைத்த இடத்தில் தட்டட்டுமே!

ஃபீனிக்ஸ் உறுப்பினர்:

அந்த டீச்சரிடம் நானும் கொஞ்ச காலம் படித்தேன். டர்பன் ஈரக்காற்றில் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொள்ளும் என்று பியானோவுக்குள் ஒரு சிறிய பல்பை எரியவிட்டிருப்பார். மின்கட்டணத்தைப் பற்றி அவர் கணவர் புலம்புவது பாடத்தின் நடுவே எங்களுக்கும் கேட்கும்.