டேப்லட் கொடுத்தால் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் படித்துவிடுவார்களா?

நைரோபிவாசி:
கென்யாவில் 2013 தேர்தலில் உகுரு கென்யாட்டாவின் ஜூபிலி கூட்டணி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் லேப்டாப் என்று வாக்குக் கொடுத்தது. டெண்டரில் வில்லங்கமாகி, 2016-ல்தான் பொருள் வந்தது. அதுவும் லேப்டாப் இல்லை, டேப்லட். பத்து லட்சத்துக்கும் மேல் இறக்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்துப் பள்ளியில் திருட்டுப் பயத்தில் ஜன்னலுக்குக் கம்பி அடித்து, அலமாரியைப் பூட்டி, சாவியை ஹெட்மாஸ்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோதும் அந்தப் பூட்டு திறக்கவில்லை. அந்தக் காசில் வாத்தியார்களைப் போட்டிருக்கலாம்.

மஞ்சுளா_கே:
நைரோபி சார், கென்யாவை வைத்து மொத்தக் கண்டத்துக்கும் தீர்ப்பு எழுதாதீங்க. மலாவியைப் பாருங்க. கீழ் வகுப்புகளில் ஒரு டீச்சருக்கு நூறு பிள்ளைக்கு மேல் இருப்பது அங்கே சகஜம். நீங்க சொல்ற வாத்தியாரை ஒரே வருஷத்தில் எங்கிருந்து கொண்டுவரப் போறீங்க? அங்கே பிள்ளைகள் முறை வைத்து டேப்லட் அறைக்குப் போறாங்க, ஆளுக்கொரு ஹெட்போன். அந்த ஊர் மொழியான சிச்சேவாவில் குரல் வரும், தப்பாகத் தொட்டால் அதே பாடம் திரும்ப வரும். நெட் வேண்டாம், சார்ஜுக்கு சோலார். அந்த மென்பொருள் செய்த ஒன்பில்லியன் என்கிற அமைப்பு, தான்சானியாவின் தாங்கா பகுதியில் சோதித்து 2019-ல் குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் என்கிற சர்வதேசப் போட்டிப் பரிசை இன்னொரு குழுவோடு பங்கிட்டுக்கொண்டது. சும்மா கிடைத்த பேர் இல்லை.

சோமு1968:
சொந்த மொழியில் பாடம், நெட் இல்லாமல் ஓடுவது... இந்த இரண்டும் இருந்தால்தான் பேச்சே. மற்றதெல்லாம் டெண்டர் எடுத்தவனுக்குத்தான் லாபம்.

நைரோபிவாசி:
மஞ்சுளா மேடம், போட்ஸ்வானா கதை தெரியுமா? 2020-ல் பள்ளி மூடியிருந்தபோது சாதாரண போனில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஆராய்ந்தார்கள். சில வீடுகளுக்கு வாராவாரம் எஸ்எம்எஸ் மட்டும். சில வீடுகளுக்கு எஸ்எம்எஸ்ஸோடு, பாடம் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் பதினைந்து, இருபது நிமிஷம் போனில் பேசினார். பேசின வீட்டுப் பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். வெறும் எஸ்எம்எஸ்ஸால் பெரிய பலனில்லை. ஆள்தான் வேலை செய்தார் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

மஞ்சுளா_கே:
அட, அந்த ஆள் போய்ச் சேர்ந்தது எதில் சார்? போனில்தானே! டீச்சரைத் துரத்திட்டு மெஷினை உட்கார வைன்னு நான் எங்கே சொன்னேன்? நூறு பேருக்கு நடுவில் எழுத்தே தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பற்றித்தான் என் பேச்சு. அந்தப் பிள்ளை பக்கம் திரும்ப டீச்சருக்கு நேரமே கிடையாது. டேப்லட் அதுக்கு ஏத்த வேகத்தில் ஓடும். உங்க பூட்டு, ஹெட்மாஸ்டர் பாக்கெட் சாவி, அதெல்லாம் நிர்வாகக் கோளாறு.

சோமு1968:
நிர்வாகக் கோளாறுன்னு தள்ளிவிட முடியாதும்மா. உடைந்தால் தன் தலையில் விழும்னு பயப்படுற ஹெட்மாஸ்டர் பூட்டத்தான் செய்வார். உடைந்தால் அவர் பொறுப்பில்லைன்னு முதலில் ஒரு சுற்றறிக்கை போடணும்.

நைரோபிவாசி:
சோமு அண்ணன் சொல்வது சரி. ஆனால் மேடம், மலாவித் திட்டம் ஓடுவது பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடையில். பேட்டரி வீங்கி டேப்லட் ஒவ்வொன்றாக விழும்போது புதுசு யார் வாங்குவது? அந்தச் செலவை அந்த நாட்டு பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதிக் காட்டட்டும், அப்புறம் உங்கள் கட்சிக்கு வருவதைப் பற்றி யோசிக்கிறேன்.