பீரங்கிக் குண்டு பட்டவுடன் வெடிக்குமா?

கடலோடி:
நேற்று ஒரு படம். 1700களில் நடக்கும் கடற்போர், சுடுகிற குண்டு ஒவ்வொன்றும் கப்பலில் பட்டதும் தீப்பிழம்பாக வெடிக்கிறது. இது தப்பு. அன்றைக்குக் கப்பலுக்குக் கப்பல் சுட்டுக்கொண்டது பெரும்பாலும் கெட்டி வார்ப்பிரும்பு உருண்டை, உள்ளே வெடிமருந்தே கிடையாது, அது எப்படி வெடிக்கும்? 12 பவுண்டு குண்டு என்பது சுமார் 5.4 கிலோ, குறுக்களவு 11 செ.மீ. சொச்சம். அது பக்கப் பலகையைத் துளைத்து வரும்போது உள்பக்கம் பிய்ந்து பறக்கும் மரச்சிராய்கள்தான் மாலுமிகளைக் குத்திக் கிழித்தன. அதை யாருமே காட்டுவதில்லை.

முகில்:
ஒரேயடியாகத் தப்பு என்று சொல்லாதீர்கள். உள்ளே மருந்து அடைத்துத் திரி வைத்த குண்டுகளும் இருந்தன. 1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில் பிரெஞ்சு ஹவிட்சர்கள் (குட்டைக் குழல் பீரங்கிகள்) சுட்ட அந்த வகைக் குண்டுகளில்தான் ஹூகுமோன் பண்ணை தீப்பிடித்தது. 1853இல் கருங்கடல் துறைமுகமான சினோப்பில் ரஷ்யர்கள் ஓர் உதுமானியக் கப்பற்படையையே இப்படி எரித்துவிட்டார்கள்.

கடலோடி:
சினோப் நூறு வருடம் தள்ளி நடந்தது, அதை 1700களுக்குக் கொண்டுவராதீர்கள். வாட்டர்லூவையே எடுத்துக்கொள்ளுங்கள், அங்கும் அதிகம் சுட்டது கெட்டிக் குண்டுதான். அது தரையில் பட்டுத் துள்ளித் துள்ளி வரிசை வரிசையாக ஆட்களைச் சாய்த்துக்கொண்டு போகும். முந்தைய இரவு பெய்த மழையில் நிலம் சேறாகிவிட்டதால் பல குண்டுகள் துள்ளாமல் புதைந்தன, நிறைய பேர் பிழைத்ததே அதனால்தான். கடைசியில் மெதுவாக உருண்டு வருகிற குண்டும் லேசுப்பட்டதல்ல, காலை நீட்டி நிறுத்தப் பார்த்தால் பாதம் போய்விடும்.

நிலா:
குண்டின் பாதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கலிலியோ 1638இல் எழுதிய பரவளையம் காற்றில்லாத இடத்துக்குத்தான் சரி. காற்று எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று 1742இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் அளந்தே காட்டினார். நியூட்டன் மலையுச்சியிலிருந்து குண்டு சுட்டுப் பூமியைச் சுற்றவைத்த கற்பனையிலும் காற்று கிடையாது. அதற்கு நொடிக்கு 7.9 கி.மீ. வேகம் வேண்டும், அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டின் வேகம் நொடிக்கு அரை கிலோமீட்டரைத் தொட்டாலே பெரிய விஷயம்.

முகில்:
சரி, சினோப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் ஸ்பெயினின் தெற்கே பிரிட்டிஷார் கோட்டையான ஜிப்ரால்டர் முற்றுகை உங்கள் 1700களிலேயே வருகிறதே? 1782 செப்டம்பரில் பிரிட்டிஷார் கெட்டிக் குண்டுகளை உலையில் பழுக்கக் காய்ச்சிச் சுட்டு, எதிரியின் மிதக்கும் பீரங்கித் தளங்களை எரித்தார்கள். மருந்தறைக்குத் தீ பரவி சில வெடித்தும் போயின. அப்போது நெருப்பைக் காட்டியது எப்படித் தப்பாகும்?

கடலோடி:
ஜிப்ரால்டரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் பட்ட நொடியில் ஒன்றும் வெடிக்கவில்லை. குண்டு தடித்த மரத்துக்குள் புதைந்து மணிக்கணக்கில் கனன்றது. உள்ளே இருந்தவர்கள் புகை எந்த இடுக்கிலிருந்து வருகிறது என்று தேடித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேடலைப் படமாக எடுக்கட்டும், நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.