மாவு வியாபாரத்தை அடுத்த ஊருக்குக் கொண்டு போகலாமா? தொழில் வளர உண்மையில் எது வேணும்?

உறையூர்_மாவுக்காரன்
வணக்கம் மக்களே. திருச்சி உறையூர்ல இட்லி மாவு அரைச்சு பாக்கெட் போடுறோம், நாலு வருஷம் ஆச்சு. நானும் வீட்டுக்காரியும், கூட மூணு ஆள். தினம் 46 கடைக்கு 420 ஒரு கிலோ பாக்கெட் போகுது. எம்ஆர்பி 50, கடைக்கு 42. அரிசி, உளுந்து, கரண்ட், கவர், ஆள் கூலி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து அடக்கம் 33. சரக்குக்கு நல்ல பேரு. ஆனா ஒரு வருஷமா இதே 420-லதான் நிக்குது. இப்போ எட்டு லட்சம் கடன் வாங்கி சரக்கைக் குளிர்ச்சியா வச்சுக் கொண்டு போற ஒரு சில்லர் வண்டி எடுத்து தஞ்சாவூருக்கும் போடலாம்னு யோசனை. மச்சான் வேண்டாங்கிறான், ஃப்ரெண்ட் உடனே செய்ங்கிறான். நீங்க சொல்லுங்க.

சரவெடி
செய்ங்க ப்ரோ, இதுல என்ன யோசனை? நம்ம ஆளுங்களுக்கு சரக்கு செய்யத் தெரியும், பேர் எடுக்கத் தெரியாது. பெங்களூர்ல ஐடி ஃப்ரெஷ் மாவு கம்பெனி என்ன பண்ணாங்க? 2005-ல 50,000 ரூபாய் முதல், ஐம்பது சதுர அடி சமையலறை, ரெண்டு கிரைண்டர், ஒரு பழைய ஸ்கூட்டர். பாலித்தீன் பையில ரப்பர் பேண்டு போட்டு வித்துட்டிருந்த மாவை ஒழுங்கா பாக்கெட் போட்டாங்க, பேர் வச்சாங்க. அவ்வளவுதான். சிக் ஷாம்பு? 1983-ல கடலூர்ல 15,000 ரூபாயில ஆரம்பிச்ச கம்பெனி. காலி சாஷே கொண்டு வந்தா புது சாஷே சும்மான்னு ஒரே ஒரு ஐடியா, பெரிய கம்பெனிகளையே அசைச்சுட்டாங்க. துணிஞ்சவனுக்குத்தான் தொழில்.

ஓய்வு_வங்கியாளர்
தம்பி சரவெடி, வங்கியில் முப்பத்தோரு வருடம் கடன் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு கதையிலும் பாதியை விட்டுவிட்டீர்கள். ஐடி ஃப்ரெஷ் தொடங்கிய முஸ்தஃபாவின் உறவினர்கள் ஏற்கெனவே மளிகைக் கடை நடத்திக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளரின் புகார் அங்கேதான் காதில் விழுந்தது. அப்படியும் நாளைக்கு நூறு பாக்கெட் என்ற இலக்கைத் தொட அவர்களுக்கு ஒன்பது மாதம் ஆனது.

சாஷே யோசனையே சிக் தொடங்கிய சி.கே. ரங்கநாதனுடையது அல்ல, அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணனுடையது. ஒரே வீட்டில் அண்ணன்மார் வெல்வெட் ஷாம்பு போட்டார்கள், தம்பி தனியே வந்து சிக் போட்டார். யோசனை ஒன்று, முடிவு வேறு வேறு. யோசனைதான் எல்லாம் என்றால் இது எப்படி?

மாவுக்காரர் தம்பிக்கு என் கேள்வி இரண்டுதான். தினம் எத்தனை பாக்கெட் ரிட்டர்ன் வருகிறது? கடைகளில் எவ்வளவு பாக்கி நிற்கிறது?

உறையூர்_மாவுக்காரன்
சார், ரிட்டர்ன் நாளுக்கு 40, 50 வரும். 45-ன்னு வச்சுக்குங்க. வெயில் காலத்துல கூடும், பாக்கெட் உப்பிடும், புளிச்சிடும். பாக்கி எல்லாக் கடையும் சேர்த்து ரெண்டு லட்சத்து பத்தாயிரம். அரிசி மண்டியில எனக்கு ஏழு நாள்தான் தவணை.

ஓய்வு_வங்கியாளர்
நினைத்தேன். கணக்குப் போடுங்கள். 420 பாக்கெட், ஒன்றுக்கு 9 ரூபாய், ஆக 3,780. திரும்பி வரும் 45-க்கு கடைக்காரரிடம் 42 வீதம் கழிக்கிறீர்கள், 1,890. அதாவது லாபத்தில் சரிபாதி சாக்கடைக்குப் போகிறது.

அடுத்தது பாக்கி. ரிட்டர்ன் போக ஒரு நாள் விற்பனை 15,750 ரூபாய். 2,10,000 என்பது பதின்மூன்று நாள் விற்பனை. மண்டிக்கு ஏழு நாளில் கொடுக்கிறீர்கள், கடையிலிருந்து பதின்மூன்று நாளில் வருகிறது. நடுவில் உள்ள ஆறு நாளை யார் தாங்குகிறார்கள்? நீங்கள். தஞ்சாவூரில் இதே அளவு வியாபாரம் பிடித்தால் இன்னொரு இரண்டு லட்சம் தெருவில் நிற்கும், மேலே வண்டித் தவணை. வியாபாரம் படுத்து மூடியவர்களைவிட, வியாபாரம் ஏறும்போது கையில் ரொட்டேஷனுக்குக் காசில்லாமல் மூடியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கல்பனா_சேலம்
நானும் மாவுதான் போடுறேன், அஸ்தம்பட்டி பக்கம், பதினோரு வருஷமா. சார் கணக்குல ஒண்ணு விட்டுப் போச்சு. தம்பி, அந்த 33 அடக்கத்துல உங்க வீட்டம்மா சம்பளம் இருக்கா? உங்க சம்பளம்?

உறையூர்_மாவுக்காரன்
இல்லக்கா. மூணு ஆள் கூலி மட்டும்தான்.

கல்பனா_சேலம்
அதான் பாத்தேன். காலைல மூணரைக்கு எழுந்து உளுந்து போடுறது யாரு, கிரைண்டர் கழுவுறது யாரு? ஆளுக்கு 15,000 வைங்க, அதுவே கம்மி. நாளுக்கு ஆயிரம். 1,890-ல ஆயிரம் போனா 890. இதை நம்பித்தான் எட்டு லட்சம் கடனா?

நான் 90 பாக்கெட்டுக்கு மேல போடுறதில்ல. கடைக்கே குடுக்கிறதில்ல, பாத்திரம் எடுத்துட்டு வீட்டுக்கே வந்து வாங்கிட்டுப் போறாங்க. ரிட்டர்னும் இல்ல, பாக்கியும் இல்ல. ரெண்டு பொண்ணுங்களை இதுலதான் படிக்க வச்சேன். வளரணும்னு யாரு சட்டம் போட்டது?

சரவெடி
அக்கா, உங்க உழைப்புக்கு ஒரு கும்பிடு. ஆனா உங்களுக்கு ஒரு மாசம் கை ஒடிஞ்சா வருமானம் பூஜ்ஜியம். அதுக்குப் பேரு தொழில் இல்ல, வேலை. நீங்க இல்லாதப்பவும் ஓடுறதுதான் தொழில்.

கல்பனா_சேலம்
கை ஒடிஞ்சது கண்ணு, நாலு வருஷம் முன்னாடி. நாத்தனார் வந்து அரைச்சாங்க. பாக்கெட் குறைஞ்சது, நிக்கல.

நூல்_திருப்பூர்
திருப்பூர்லீங்க. ஜாப் ஒர்க் தையல் யூனிட், 28 மிஷினு. பேரு, கணக்கு ரெண்டும் சரிதானுங்க, ஆனா நம்ம கையில இல்லாதது ஒண்ணு இருக்கு, அதை யாரும் பேச மாட்டேங்கறீங்க.

2011 ஜனவரில நொய்யல் ஆத்து மாசுக்காக ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. நிட்டிங் பண்ணுன துணி அடுக்கி கெடக்குது, சாயம் போட வழியில்ல. நம்ம யூனிட்டுல தப்பு ஏதுமில்லீங்க. தரம் நல்லா இருந்துச்சு, ஆர்டர் இருந்துச்சு. மிஷினு சும்மா நின்னுச்சு. அந்த வருசம் எங்க வீதியில நாலு பேரு மிஷினை எடைக்குப் போட்டாங்க. தாக்குப் பிடிச்சவங்க கெட்டிக்காரங்கன்னு இல்லீங்க, ஆறு மாசத்துக்குக் கையில காசு வெச்சிருந்தவங்க, இல்லாட்டி மாமன் மச்சான் காசு குடுத்தவங்க.

இன்னொண்ணு. எனக்கு எழுபது சதம் ஆர்டரு ஒரே பார்ட்டிகிட்ட இருந்துதான். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006-லயே சட்டம் இருக்குது. அந்தக் கெடுவுக்குள்ள குடுக்காட்டி வாங்குனவங்க அதை அந்த வருசச் செலவுக் கணக்குல கழிக்க முடியாதுன்னு 2024-ல வருமான வரிலயும் கட்டிப்போட்டாங்க. நல்லதுதானுங்க? எங்க பார்ட்டி கூப்பிட்டு, சிறு தொழில்னு அரசாங்கத்துல பண்ணுன உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, அப்பத்தான் அடுத்த ஆர்டர்னு சொல்லிப்போட்டாரு. எழுபது சதம் அவருகிட்ட இருக்கயில நான் என்னங்க பேசறது? அப்பறம் மூணு சின்ன பார்ட்டி புடிச்சேன். ரேட்டு கம்மிதான். இப்போ ராத்திரி தூக்கம் வருது.

சரவெடி
எல்லாரும் பயம் காட்டியே ஒரு ஆளை உட்கார வச்சுடுவீங்க போல. சரி, பெங்களூர் வேணாம், நம்ம அருண் ஐஸ்கிரீம் எடுத்துக்குங்க. 1970-ல ஆர்.ஜி. சந்திரமோகன் ராயபுரத்துல 250 சதுர அடி இடத்துல 13,000 ரூபாய் போட்டு குச்சி ஐஸ்ல ஆரம்பிச்சார். சென்னையில பெரிய பிராண்டுங்களோட முட்டிக்கிட்டே இருக்காம, அவங்க எட்டிப் பாக்காத சின்ன ஊர்களுக்குப் போனார். அடுத்த ஊருக்குப் போனதுதான் திருப்பமே! இன்னைக்கு அவரோட ஹட்சன் கம்பெனி எங்க நிக்குது? மாவுக்காரருக்கும் அதைத்தான் சொல்றேன்.

ஓய்வு_வங்கியாளர்
நல்ல உதாரணம் எடுத்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1970-இல் ஆரம்பித்தவர் 1971-இலேயே வெளியூர் போகவில்லை, அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. பள்ளம் மேடு எல்லாம் தெரிந்த பிறகு போனார். வெளியூர் போகாதே என்று நான் சொல்லவே இல்லை. ஓட்டைப் பானையைத் தஞ்சாவூருக்குச் சுமந்துகொண்டு போகாதே என்கிறேன்.

திருப்பூர்க்காரர் சொன்ன மாமன் மச்சான் காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தக் காலில் நின்று வளர்ந்தேன் என்ற கதைகளில் இதுதான் காணாமல் போகும். தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி தொடங்கினார்கள், அதுதான் 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பேர் மாறியது. 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி நிறுவனம் மூழ்கி மதராஸில் பலர் பணத்தை இழந்த அடுத்த வருடமே இந்தியன் வங்கி வந்தது. கும்பகோணத்தில் 1904-இலும் கரூரில் 1916-இலும் வங்கி தொடங்கினார்கள். ஊர் ஊராக ஏன் வங்கி தொடங்கினார்கள்? சமயத்துக்குக் கடன் கிடைக்காமல் கடையை மூடிய அனுபவம்தான். உழைப்பு எல்லாரிடமும் இருந்தது. யாரை நம்பிப் பணம் கொடுப்பார்கள் என்பதில்தான் பிரிந்தார்கள்.

சரவெடி
அப்போ சொந்தபந்தத்துல காசு இல்லாதவன் கடையே போடக் கூடாதா சார்? நான் முதல் தலைமுறை. எங்க வகையறாவுல கல்லாப்பெட்டி பார்த்தவன் யாருமில்ல. எனக்கு மாமனும் தர மாட்டான், நீங்க இருந்த சீட்டுல இருந்த மேனேஜரும் ஜாமீன் இல்லாம தர மாட்டான். எங்களுக்கு இருக்கிறது பேரும் துணிச்சலும்தான். அதையும் தப்புன்னா?

ஓய்வு_வங்கியாளர்
இதில் எனக்குப் பதில் இல்லை தம்பி. நானே அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சிலரை அனுப்பியிருக்கக் கூடாது.

உறையூர்_மாவுக்காரன்
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். சார் கேட்டதுல இருந்து கடைவாரியா ரிட்டர்னை நோட்டுல எழுதினேன். 45-ல 31 பாக்கெட் ஒன்பதே கடையில இருந்து வருது! இத்தனை நாள் வெயில்னு நினைச்சுட்டிருந்தேன். ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு அதுல ஒரு கடைக்குப் போய் சும்மா நின்னேன். ஷட்டரை இறக்குறதுக்கு முன்னாடி அண்ணாச்சி ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிட்டார். கரண்ட் பில் மிச்சமாம். காலைல ஆறு மணிக்கு மாட்டுவார். மாவு ராத்திரி முழுக்க உள்ளயே பொங்கிட்டிருக்கு. காலைல வர்ற அம்மா கட்டைவிரலால பாக்கெட்டை அமுக்கிப் பாத்துட்டு அடுத்த கம்பெனி பாக்கெட்டை எடுத்துட்டுப் போறாங்க. பேரு கெடுறது என் பேரு.

அஞ்சு கடையை நிறுத்திட்டேன். மத்த நாலுக்கு அன்னன்னிக்கு வித்துப் போற அளவு மட்டும் காலைல போடுறேன். எல்லாக் கடைக்கும் பில்லுக்குப் பில்லுதான், பழைய பில் காசு வந்தாத்தான் புதுச் சரக்கு. ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, ஆனா காசு வருது. இப்போ 370 பாக்கெட், ரிட்டர்ன் 16.

சரவெடி
370-ஆ குறைஞ்சா அடக்கம் 33-லயே நிக்குமா? ஆள் கூலி அதேதானே?

உறையூர்_மாவுக்காரன்
அதையும் போட்டேன் ப்ரோ, 33.70 வருது. பாக்கெட்டுக்கு 8.30, மொத்தம் 3,071. ரிட்டர்ன் 672 போக 2,399. முன்ன 1,890. வீட்டுக்காரிக்கு இந்த மாசத்துல இருந்து சம்பளம்னு தனியா எடுத்து வைக்கிறேன் கல்பனாக்கா.

கல்பனா_சேலம்
கையில குடுங்க. எடுத்து வச்சா மண்டிக்குப் போயிடும்.

சரவெடி
சந்தோஷம். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், நீங்க நோட்டு எழுதிட்டு இருக்கிற நேரத்துல தஞ்சாவூர்ல வேற ஒருத்தன் வண்டி இறக்கிடுவான்.

உறையூர்_மாவுக்காரன்
இறக்கிட்டான் ப்ரோ. போன வாரம் கீழவாசல்ல பாத்தேன். பாக்கெட் நல்லா இருந்துச்சு. ஃப்ரிட்ஜ்தான் ஆஃப்ல இருந்துச்சு.