சுத்த சைவத்துக்கு ஒமேகா-3: ஆளி விதை கேப்சூலா, பாசி எண்ணெயா?

தக்கலை மலர்:
அம்மைக்கு 62 வயசு, சுத்த சைவம். மீனெண்ணெய் தொடமாட்டாங்க. சமையல் முழுக்க தேங்காய் எண்ணெய். நாகர்கோவில் மருந்துக்கடையில ரெண்டு காட்டுறாங்க: ஆளி விதை எண்ணெய் கேப்சூல் 500 மி.கி., இன்னொண்ணு பாசி எண்ணெய், விலை ரொம்பக் கூடுதல். எது வாங்கலாம்? காலையில தைராய்டு மாத்திரை உண்டு.

குழித்துறை டயட்:
அக்கா, ரெண்டும் வேற வேற சரக்கு. ஒமேகா-3ங்கிற கொழுப்புல பல வகை உண்டு. ஆளியில இருக்கிறது ஏஎல்ஏ வகை. மூளையிலயும் கண்ணுலயும் இருக்கிறது டிஎச்ஏ வகை; பாசி எண்ணெய்ல அது நேரடியாவே இருக்கு. ஏஎல்ஏவை உடம்பு டிஎச்ஏவா மாத்தும், ஆனா நூத்துல ஒண்ணு தேறுறதே கஷ்டம். சூரியகாந்தி எண்ணெய் அதிகமானா அதிலுள்ள ஒமேகா-6ங்கிற வேற கொழுப்பு, இப்படி மாத்துற அதே நொதிக்குப் போட்டி போட்டு இன்னும் குறைச்சிரும். தேங்காய் எண்ணெய்ல அந்தத் தொந்தரவு குறைவு; ஆனா ஒமேகா-3யும் கிடையாது.

பெண்களுக்கு நாளுக்கு 1.1 கிராம் ஏஎல்ஏ வேணும். 500 மி.கி. ஆளி கேப்சூல்ல இருக்கிறது சுமார் 250 மி.கி.; நாலஞ்சு விழுங்கணும். ஒரு மேசைக்கரண்டி ஆளிப்பொடியில (7 கிராம்) 1.6 கிராம் வந்துரும். அதனால ஆளியை விதையாவே வாங்குங்க, கேப்சூல் காசைப் பாசி எண்ணெய்க்கு வைங்க. சாளை மீனுக்கே டிஎச்ஏ கடல் நுண்பாசியில இருந்துதான் வருது.

பாசி எண்ணெய் டப்பா முன்னாடி போட்டிருக்கிற மி.கி. பெரும்பாலும் மொத்த எண்ணெயோட எடை. பின்னாடி திருப்பி டிஎச்ஏ, இபிஏ (இதுவும் ஒரு ஒமேகா-3) அளவைப் பாருங்க. ரெண்டும் சேர்ந்து நாளுக்கு 250 மி.கி. போதும். கேப்சூலோட கூடு ஜெலட்டின்னு இருந்தா விட்டுருங்க, அது பெரும்பாலும் மாடு மாதிரி மிருகங்களோட எலும்பு, தோல்ல இருந்து எடுக்கிறது. ஸ்பைருலினாவும் பாசிதானேன்னு கடையில நீட்டுவாங்க. அதுல டிஎச்ஏ இல்லைன்னே சொல்லலாம்.

கோட்டாறு மளிகை:
விதையை முழுசா விழுங்கினா பெரும்பாலும் அப்படியே வெளியே போயிரும். வெறும் சட்டியில இளந்தீயில படபடன்னு வெடிக்கிற வரை வறுத்து, நல்லா ஆறவிட்டு, மிக்சியில விட்டு விட்டு அடிக்கணும். ஒரேயடியா ஓட்டினா சூடேறி எண்ணெய் கக்கி அடியில ஒட்டிக்கும். ஒரு வாரத்துக்கு மட்டும் பொடிச்சு, காத்துப் புகாத டப்பாவுல ஃப்ரிட்ஜ்ல வைங்க. இடவப்பாதி மழை நேரம் வெளியே வச்சா சீக்கிரம் காறிரும். கசப்போ பெயிண்ட் வாடையோ அடிச்சா கொட்டிருங்க. பெயிண்டுக்கு ஊத்துற லின்சீட் ஆயிலும் இதே விதையோட எண்ணெய்தான். ஆனா ஹார்டுவேர் கடைச் சரக்கை வாயில வைக்கவே கூடாது, சீக்கிரம் காய உலோக உப்பு சேர்த்திருப்பாங்க.

பொடியைத் தோசை மாவுலயோ புட்டு மாவுலயோ கலக்கலாம். ஆனா ஆளி எண்ணெயை ஊத்தித் தாளிக்காதீங்க.

தக்கலை மலர்:
மாத்திரையோட எப்ப கொடுக்கிறது?

குழித்துறை டயட்:
காலையில வேண்டாம். ஆளிப்பொடி தண்ணி பட்டா வழுவழுன்னு கூழாகி, மருந்து உடம்புல சேர்றதைத் தாமதப்படுத்தும். மாத்திரை வெறும் வயித்துல போகட்டும், பொடி மதியச் சாப்பாட்டோட. கூடவே பெரிய டம்ளர் தண்ணி கட்டாயம், இல்லன்னா மலம் இறுகும். முதல் வாரம் ஒரு டீஸ்பூன்ல தொடங்குங்க. பாசி கேப்சூலும் அப்பவே கொடுக்கலாம். அவியலோ தேங்காய் அரைச்ச கறியோ இருந்தா அந்தக் கொழுப்போட நல்லா சேரும்.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை ஏதாவது எடுக்கிறாங்களா? இருந்தா டாக்டர்கிட்ட கேட்டபிறகுதான் ரெண்டையும் தொடங்கணும்.