அறிவியல் கணிப்பு (சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங்) பிஎச்டிக்குக் கோர்ஸ்வொர்க், அதாவது ஆய்வுக்கு முன் வகுப்பில் படிக்கும் பாடங்கள், தேவையா?

மூன்றாம்வருடம்:
பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2022 விதிமுறைப்படி பிஎச்டிக்குக் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க், அதில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். 2016-இல் 8 கிரெடிட் போதும் என்றிருந்தது. என் ஆய்வு திரவ ஓட்ட சிமுலேஷன். எம்டெக்கில் படித்த நியூமரிக்கல் மெதட்ஸையே (கணக்குகளைக் கணினியில் தோராயமாகத் தீர்க்கும் முறைகள்) மறுபடி உட்கார்ந்து கேட்டேன். முதல் வருடம் ஆய்வுக்கென்று ஒரு வரி கோட் எழுதவில்லை. இதற்கு யாராவது நியாயம் சொல்லுங்கள்.

பழையகைடு:
சொல்கிறேன் தம்பி. என்னிடம் ஒரு மாணவர் இருந்தார். அவர் புரோகிராமை 64 பிராசஸாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒரு விடை தரும், 128-இல் ஓட்டினால் கடைசி இலக்கங்கள் மாறும். பிராசஸ்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் எம்பிஐ கோடில் மூன்று வாரம் பக் தேடினார். பக்கே இல்லை! கணினி தசம எண்களை வைத்திருக்கும் ஃப்ளோட்டிங் பாயிண்டில் கூட்டும் வரிசை மாறினால் ரவுண்டிங் பிழையும் மாறும். பிராசஸ் எண்ணிக்கை மாறினால் வரிசை மாறத்தானே செய்யும்?

மூன்றாம்வருடம்:
அதை கூகுளில் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாமே சார்.

பழையகைடு:
எதைத் தேடுவது என்று தெரிந்தால்தானே தேட முடியும்? கண்டிஷன் நம்பர் என்பது சின்னப் பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்று காட்டும் எண். இதற்குப் பேர்போன 10×10 ஹில்பர்ட் மேட்ரிக்ஸுக்கு அது 1-க்குப் பின்னால் 13 சைபர் போட்ட அளவில் இருக்கும். கணினி வழக்கமாக எண்களை வைக்கும் டபுள் பிரிசிஷனில் கையில் இருப்பதே சுமார் 16 இலக்கம். விடையில் நம்பக்கூடியது மூன்றோ நாலோதான். புரோகிராம் எந்த எரரும் காட்டாமல் ஓடி முடியும். பிழை இருக்கிறதென்றே தெரியாதவர் கூகுளில் என்ன தட்டுவார்?

மேகலா_எச்பிசி:
சார் சொல்வது நியூமரிக்கல் லீனியர் ஆல்ஜிப்ரா (மேட்ரிக்ஸ் கணக்குகளைக் கணினியில் போடுவது) என்ற பாடத்துக்குப் பொருந்தும், கோர்ஸ்வொர்க்குக்கு அல்ல. அந்த 12 கிரெடிட்டில் ஆய்வு முறையியலும் வெளியீட்டு நெறியும் கட்டாயம். நெறிப் பாடம் மட்டுமே 2 கிரெடிட். முறையியல் வகுப்பில் எல்லாத் துறைக்காரர்களோடும் உட்கார்ந்து சர்வே கேள்வித்தாள் தயாரித்தேன். சூப்பர் கம்ப்யூட்டரிடம் கேள்வித்தாள் கொடுப்பதா? அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பு அறிவியல் ஃபெலோஷிப்பில் கணிதம், கணினி அறிவியல், சொந்தத் துறை என மூன்றிலும் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். அப்படிக் கேட்டால் நானும் சரி என்பேன்.

பழையகைடு:
கேள்வித்தாள் விஷயத்தில் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் மிச்ச கிரெடிட்டுக்கு என்ன பாடம் என்று உங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் கமிட்டியிடம் கேட்டு வாங்கலாமே. எத்தனை பேர் கேட்கிறீர்கள்? எளிதாக மார்க் வரும் பாடத்தைத்தான் தேடுகிறீர்கள்.

மூன்றாம்வருடம்:
55 சதவீதக் கத்தியைக் கழுத்தில் வைத்தால் வேறு எதைத் தேடுவோம் சார்?
அப்புறம், நேற்று ராத்திரி என் மேட்ரிக்ஸின் கண்டிஷன் நம்பரை எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு என்று இங்கே சொல்ல மாட்டேன். ஆனாலும் எம்டெக்கில் படித்ததையே மறுபடி படிக்க வைத்தது தப்புதான்.