மான்டானாவா, மரினோவா? கூட ஆடியவர்களைக் கழித்துப் பார்த்தால்

தூரத்து ரசிகன்:
பழைய குவாட்டர்பேக்குகளை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: லீகின் இறுதிக் கோப்பையான சூப்பர் பௌல் எத்தனை? சான் பிரான்சிஸ்கோவின் ஜோ மான்டானாவுக்கு நாலு. மியாமியின் டான் மரினோவுக்கு ஒன்றுகூட இல்லை. அதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பக்கத்துக்கு 11 பேர். எதிரணி பந்தோடு முன்னேறும்போது குவாட்டர்பேக் களத்திலேயே இருப்பதில்லை, ஓரத்தில் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். அவருடைய பாதுகாவலர்கள் ஒரு நொடி சறுக்கினால் எவ்வளவு நல்ல கை இருந்தும் பயனில்லை. பிறகு ஏன் கோப்பையை மட்டும் ஒருவர் கணக்கில் எழுதுகிறோம்?

மியாமிப் பித்தன்:
இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். 1983-இல் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகப் பொறுக்கும் தேர்வில் 27-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் மரினோ. அடுத்த வருடமே எறிந்து 5,084 யார்டு முன்னேற்றம், 48 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது). அதற்கு முன்னால் ஒரு சீசனில் 5,000 யார்டு எறிந்தவர் எவருமே கிடையாது. பந்து அவர் கையை விட்டுப் போகும் வேகம் இருக்கிறதே, முழங்கையை இழுத்தார் என்று எதிரி உணர்வதற்குள் பந்து போய்ச் சேர்ந்திருக்கும். எறிவதை மட்டும் வைத்துப் பேசினால் அவர் பக்கத்தில் மான்டானாவை நிறுத்தவே முடியாது.

மான்டானாவுக்கு என்ன இல்லை சொல்லுங்கள்? பயிற்சியாளராக பில் வால்ஷ். பந்து பிடிக்க ஜெர்ரி ரைஸ். ஓட ரோஜர் கிரெய்க். தடுக்க ரானி லாட். 1984-இல் அந்த அணியின் பின்வரிசைத் தடுப்பாளர்கள் நாலு பேருமே லீகின் சிறந்தவர்களை அழைக்கும் புரோ பௌல் ஆட்டத்துக்குப் போனார்கள்.

விரிகுடாக்காரன்:
நண்பரே, வருடத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஜெர்ரி ரைஸ் அணிக்கு வந்தது 1985-இல். அதற்குள் மான்டானா இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்து முடித்துவிட்டார். மான்டானா 1979-இல் மூன்றாம் சுற்றில், 82-ஆவது ஆளாக வந்தபோது சான் பிரான்சிஸ்கோ 2 வெற்றி, 14 தோல்வி. அடுத்த வருடம் 6-10. 1981-இல் 13-3, கையில் கோப்பை. அந்த வருட அணியில் 600 யார்டு ஓடிய ஆள் ஒருவர்கூட இல்லை. டல்லாஸுக்கு எதிராக 28-27 என்று ஜெயித்தார்களே, டச்டவுன் எடுக்கும் பகுதியான எண்ட் ஸோனின் பின்கோட்டருகே எகிறிப் பிடித்த டுவைட் கிளார்க், அவர் பத்தாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். இதையா நட்சத்திரப் பட்டாளம் என்கிறீர்கள்?

இருவரும் நேருக்கு நேர் மோதினார்களே, 1985 ஜனவரி சூப்பர் பௌலில், ஸ்டான்ஃபோர்டு மைதானத்தில்? 38-16 என்று சான் பிரான்சிஸ்கோ ஜெயித்தது. மான்டானா 331 யார்டு எறிந்தார், காலால் 59 யார்டு ஓடினார், நாலு டச்டவுன் போட வைத்தார். ஒரே களம், ஒரே மாலை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மியாமிப் பித்தன்:
அந்த ஆட்டத்தையே எடுங்கள், எனக்கும் அதுதான் வேண்டும். அன்று மியாமி பந்தைக் கையில் வைத்து ஓடியது மொத்தம் 9 தடவை, 25 யார்டு. சான் பிரான்சிஸ்கோ ஓடியது 211 யார்டு. ஓட்டம் வராது என்று தெரிந்துவிட்டால் தடுப்பவர்களுக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும், எல்லாரும் எறிபவர் மேல் பாயலாம். சீசன் முழுவதும் பந்தை எறியும் முன்பே 13 தடவை மட்டுமே மடக்கப்பட்ட மரினோவை அன்று ஒரே மாலையில் 4 தடவை கவிழ்த்தார்கள். அவர் 50 எறிந்தார், வேறு வழி இருந்ததா?

இன்னொன்று சொல்கிறேன், கேட்டால் வயிறு எரியும். 17 வருடம் ஆடினார் மரினோ. அத்தனை வருடத்தில் 1,000 யார்டைத் தாண்டி ஓடிய துணை ஒருவர்தான் அவருக்கு வாய்த்தார்: 1996-இல் கரீம் அப்துல்-ஜப்பார், 1,116 யார்டு. 1986-இல் 44 டச்டவுன் எறிந்தார், அணி 8-8. நியூயார்க் ஜெட்ஸிடம் 45 புள்ளி எடுத்தும் 51-45 என்று தோற்றார்கள். குவாட்டர்பேக்கே இறங்கிப் போய்த் தடுக்கவும் வேண்டுமா?

டென்வர்க் குளிர்:
இடையில் வருகிறேன். இந்தக் கேள்விக்கு நல்ல விடை எங்கள் டென்வரின் குவாட்டர்பேக் ஜான் எல்வேயிடம் இருக்கிறது. மரினோ வந்த அதே 1983-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். கிளீவ்லாந்தில் 98 யார்டு நடத்திப் போய் ஆட்டத்தைச் சமன் செய்த கை அது. அந்தக் கையோடு மூன்று சூப்பர் பௌலுக்குப் போனார்: 39-20, 42-10, 55-10. மூன்றிலும் நசுங்கினார். எதிரிகள் எடுத்தது 136, டென்வர் 40.

1998 ஜனவரி சூப்பர் பௌலில் கிரீன் பேயை 31-24 என்று ஜெயித்தாரே, அன்று எல்வே எறிந்தது 123 யார்டு. டச்டவுன் எறியவே இல்லை, ஒரு பந்தைப் பறிகொடுத்தார். ஓடியது டெரல் டேவிஸ்: 157 யார்டு, மூன்று டச்டவுன், சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆறாம் சுற்றில் வந்த பையன்! அடுத்த சீசனில் 2,008 யார்டு ஓடினார், இரண்டாவது கோப்பையும் வந்தது. 26 வயதில் தோற்ற எல்வேயைவிட 37 வயதில் ஜெயித்த எல்வே நன்றாக எறிந்தார் என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். மாறியது கூட இருந்தவர்கள்தான். டென்வர்க்காரனாக இதைச் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்த இரண்டு கோப்பையும் எனக்கு உயிர்.

விரிகுடாக்காரன்:
எல்வே விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மரினோவை அநாதை மாதிரிப் பேசாதீர்கள். அவருடைய பயிற்சியாளர் டான் ஷூலா, இந்த லீகிலேயே அதிக வெற்றி கண்டவர். பந்து பிடிக்க மார்க் கிளேடன், மார்க் டூப்பர். 1984-இல் இருவருமே 1,300 யார்டைத் தாண்டினார்கள். கிளேடன் மட்டும் 18 டச்டவுன். முன்வரிசையின் நடுவில் நின்று குவாட்டர்பேக்குக்குப் பந்து கொடுக்கும் சென்டராக டுவைட் ஸ்டீஃபன்சன். அவரைவிடச் சிறந்த சென்டர் அந்தக் காலத்தில் இல்லை.

1986 ஜனவரியில் நியூ இங்கிலாந்திடம் சொந்த மண்ணில் 31-14 என்று தோற்றதை யார் தலையில் கட்டுவது? மியாமி ஆறு முறை பந்தைத் தொலைத்தது. இரண்டு மரினோ எறிந்து பறிபோனவை. மான்டானா நாலு சூப்பர் பௌலில் 122 பந்து எறிந்திருக்கிறார், ஒன்றுகூட எதிரி கைக்குப் போகவில்லை. அதை ரைஸோ லாட்டோ செய்து கொடுக்க முடியாது. அது அவருடைய நிதானம்.

மியாமிப் பித்தன்:
அதே ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து 255 யார்டு ஓடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டீஃபன்சன் பெயரை எடுத்தீர்களே, நன்றி. 1987-இல் முழங்கால் போய் அவருடைய ஆட்டமே முடிந்தது. மரினோ அதற்குப் பிறகும் 12 வருடம் ஆடினார்.

122 பந்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது பெரிய விஷயம்தான்.

தூரத்து ரசிகன்:
விரிகுடா அண்ணே, ஒரு சந்தேகம். ஸ்டீவ் யங்கை எப்படிக் கணக்கில் எடுப்பது? டாம்பா பேயில் 1985, 86 இரண்டு வருடம் அவர் ஆடத் தொடங்கிய ஆட்டங்களில் 3 வெற்றி, 16 தோல்வி. எறிந்த டச்டவுன் 11, பறிகொடுத்தது 21. அவரைத் தேறாத ஆள் என்று விட்டுவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ வந்து, மான்டானாவுக்கு முழங்கை போனதும் இடத்தைப் பிடித்தார். இரண்டு முறை லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர், ஒரு சூப்பர் பௌலில் ஆறு டச்டவுன். மனிதர் அதே மனிதர். அப்படியானால் அந்த அணியில் யார் நின்றாலும் ஜெயித்திருப்பார்களோ?

விரிகுடாக்காரன்:
தம்பி, "யார் நின்றாலும்" என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். யங் தன் திறமையில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்துக்குப் போனவர், வழியில் போன யாரோ இல்லை. டாம்பா பே அவரைப் பாழாக்கியது. வால்ஷ் அவருக்குள் இருந்ததை வெளியே கொண்டுவந்தார். வால்ஷின் முறையில் குவாட்டர்பேக் மூன்றாவது, ஐந்தாவது அடியிலேயே பந்தை விட்டாக வேண்டும், யார் எங்கே இருப்பார் என்று முன்பே தெரிந்திருக்கும். அது எல்லாருக்கும் வாய்க்காத பள்ளிக்கூடம். அதை மறுக்கவில்லை.

ஆனால் வால்ஷ் விலகிய பிறகும் மான்டானா ஜெயித்தார். 1989 சீசன், ஜார்ஜ் சீஃபர்ட் பயிற்சியாளர், டென்வரை 55-10. 1993-இல் கான்சஸ் சிட்டிக்குப் போனார், 37 வயது, உடம்பெல்லாம் தையல். அந்த அணியையும் சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே வரை கொண்டுபோனார்.

டென்வர்க் குளிர்:
கான்சஸ் சிட்டி முந்தைய வருடமே 10-6, அண்ணே. மான்டானாவோடு மார்கஸ் ஆலனும் அதே வருடம் வந்து சேர்ந்தார். தடுப்பில் டெரிக் தாமஸ், நீல் ஸ்மித். காலி வீட்டில் அவர் விளக்கேற்றவில்லை. ஆனாலும் சீசனுக்குப் பிறகு வரும், தோற்றால் வெளியேறும் சுற்றான பிளேஆஃபில் பிட்ஸ்பர்கையும் ஹூஸ்டனையும் பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து சாய்த்தது அவருடைய ஆட்டம்தான். எங்களைப் பல தடவை அழவைத்தவர் என்பதால் சொல்கிறேன், கடைசி நாலு நிமிடத்தில் பந்து யார் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டால் நானும் மான்டானா என்றுதான் சொல்வேன்.

மியாமிப் பித்தன்:
1994 டிசம்பர் 31-ஐ மறந்துவிட்டீர்கள். மியாமியில் பிளேஆஃப், எதிரில் கான்சஸ் சிட்டி. பத்து வருடம் கழித்து மறுபடியும் மரினோவும் மான்டானாவும். பாதி ஆட்டத்தில் 17-17. இருவருமே அன்று பிரமாதமாக எறிந்தார்கள். பிறகு என்ன நடந்தது? எண்ட் ஸோனில் மான்டானா எறிந்த பந்தை மியாமித் தடுப்பாளர் பிடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மார்கஸ் ஆலன் கையிலிருந்தும் பந்தைப் பிடுங்கினார்கள். 27-17. மரினோவுக்கு ஒரே ஒரு நாள் தடுப்பு கைகொடுத்தது, அன்று ஜெயித்தார். மான்டானாவின் கடைசி ஆட்டம் அதுதான்.

விரிகுடாக்காரன்:
அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். ஆலன் பந்தை விட்டபோது மான்டானா ஓரத்துக்கு நடந்துபோனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாத ஆட்டம் என்று அன்று இரவு முழுக்க வீட்டில் வாதாடினேன். 1985-இல் மியாமிக்காரர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். எறிவதில் மரினோ மேல் என்று இப்போது எழுதித் தருகிறேன். நாலு கோப்பையில் ஒன்றையும் தரமாட்டேன்.